பின் சீட்டைக் கழற்றினால் கார் ஏன் வேகமாக ஓடுகிறது?

1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் இலகு வகையில் பின் சீட் இல்லை, கடிகாரம் இல்லை, கதவைத் திறக்கக்கூட உள்ளே ஒரு பட்டைதான். சொகுசு வகையைவிட எடை சுமார் 100 கிலோ குறைவு. எஞ்சினோ இரண்டிலும் ஒன்றே: 210 குதிரைத்திறன்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

விசையை நிறையால் வகுத்தால் கிடைப்பது முடுக்கம். 1,075 கிலோ 975 ஆனால், அதே விசையில் முடுக்கம் சுமார் 10 சதவீதம் கூடும். பிரேக் வெப்பமாக மாற்றவேண்டிய இயக்க ஆற்றலும் குறையும்.

ஆனால் தரைவிரிப்பும் ஒலித்தடுப்புப் பொருள்களும் போனால் இரைச்சல் உள்ளே நுழையும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் காற்றுத்தடையே பெரிது என்பதால் மிச்சமாகும் பெட்ரோல் சொற்பம். நின்று நின்று கிளம்பும் நகரச் சாலையில்தான் பலன் அதிகம். உங்கள் காரில் எதைக் கழற்றினாலும் சீட் பெல்ட்டிலும் ஏர்பேக்கிலும் கைவைக்கக் கூடாது.