மணலுக்கு விட்டுக்கொடுக்கும் எந்திரம்

1962 மார்ச் மாதம், டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெக்ஸிகோவின் எல்லை நகரமான டிஹுவானாவிலிருந்து தெற்கு நோக்கி பைக்கைக் கிளப்பினார்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் லா பாஸ். நடுவில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். தார் ரோடு இரண்டு முனையிலும் கொஞ்ச தூரம்தான்; மற்றதெல்லாம் கல், மணல், காய்ந்த ஓடை, கள்ளிக்காடு. கிளம்பிய நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் சாட்சி, இரண்டு ஊர்களிலும் தந்தி அலுவலகத்தில் முத்திரை குத்தி அனுப்பிய தந்திகள். 40 மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்பே எகின்ஸ் லா பாஸ் சேர்ந்துவிட்டார். ஐந்து வருடம் கழித்து, 1967இல், அதே நிலத்தில் முறையான பந்தயம் தொடங்கியது. இன்று உலகமெங்கும் ‘பாஹா 1000’ என்று அறியப்படும் பந்தயம் அதன் தொடர்ச்சிதான்.

அவர்கள் ஓட்டியது ஹோண்டா சி.எல்.72. 250 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். சைலன்சர் குழாய் இரண்டும் கல்லில் அடிபடாதபடி இடது பக்கம் உயரத் தூக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. இன்றைக்கு நாம் ஆஃப்ரோடு பைக் என்று சொல்லும் எந்திரத்தோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம் மாற்றிய ரோட்டு பைக்தான். அதற்குப் பிறகு இந்த எந்திரம் வெகுதூரம் வந்துவிட்டது. வந்த திசை ஒன்றே: தரையை எதிர்த்து நிற்பதை விட்டுவிட்டு, தரைக்கு வளைந்து கொடுப்பது.

அவர்கள் கடந்த பாஹா கலிஃபோர்னியா, மெக்ஸிகோவின் மேற்கு ஓரத்தில் நீண்டு தொங்கும் தீபகற்பம். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கலிஃபோர்னியா வளைகுடா. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருநிலத்திலிருந்து பிய்ந்து, இன்னும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டே இருக்கிறது. இப்படிப் பிய்ந்த நிலத்தின் கரை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது: கடலுக்குள் இறங்கும் செங்குத்துப் பாறை, அதன் காலடியில் கூழாங்கல், அடுத்த வளைவில் பொடிமணல், அதற்கடுத்து உப்புப் படிந்த சேற்றுவெளி. தீபகற்பத்தின் முழு நீளத்துக்கும் நெடுஞ்சாலை 1973இல்தான் முடிந்தது. அது பெரும்பாலும் கரையை விட்டு உள்ளே தள்ளிப் போவதால், கடலோரத்தின் பெரும்பகுதிக்கு இன்றும் மண்பாதைதான். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து அந்தக் கரையோரமாக இறங்குவது பைக் பிரியர்களுக்கு ஒரு கனவு. ஒரே நாளில் இத்தனை வகைத் தரையையும் தாண்ட வேண்டியிருப்பதால், எந்திரத்தைப் புரிந்துகொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முன் சக்கரத்திலிருந்து தொடங்குவோம். ரோட்டு பைக்கில் பெரும்பாலும் 17 அங்குலச் சக்கரம். ஆஃப்ரோடு பைக்கில் முன்னால் 21 அங்குலம். டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர் வரும். 10 சென்டிமீட்டர் உயரக் கல்லின் மேல் அது ஏறும்போது தொடும் கோணம், 29 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் தொடுவதைவிட ஐந்து டிகிரி போலக் குறைகிறது. ஐந்து டிகிரி அற்பமாகத் தெரியலாம். ஆனால் பின்னோக்கித் தள்ளும் விசை குறைந்து மேல்நோக்கித் தூக்கும் விசை கூடுவது அந்த ஐந்து டிகிரியில்தான். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான கற்களில் அந்த வித்தியாசம் ஓட்டுபவரின் மணிக்கட்டில் தெரியும்.

சக்கரத்தின் கம்பிகளுக்கும் காரணம் உண்டு. வார்ப்பு அலாய் சக்கரம் கல்லில் மோதினால் விரிசல் விடும். கம்பிச் சக்கரம் சற்று நெளியும், மிஞ்சினால் கோணலாகும். கோணலான சக்கரத்தை மெல்ல உருட்டிக்கொண்டாவது ஊர் போய்ச் சேரலாம். கம்பியை இறுக்கித் தளர்த்தி ஓரளவு நேராக்கவும் முடியும்.

அடுத்தது சஸ்பென்ஷன். சாதாரண ரோட்டு பைக்கின் முன் ஃபோர்க் 10 முதல் 13 சென்டிமீட்டர் வரை அமுங்கும். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இல் முன்னும் பின்னும் 20 சென்டிமீட்டர். எஞ்சினின் அடிப்பகுதி தரையிலிருந்து 23 சென்டிமீட்டர் உயரம். சுத்தமான மோட்டோகிராஸ் பைக்கில் சக்கரம் 30 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் போய்வரும். ஸ்பிரிங்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அடியை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் செய்யும். வாங்கியதை அப்படியே திருப்பித் தரவும் செய்யும். அதை மட்டும் நம்பினால் பைக் துள்ளிக்கொண்டே போகும். உண்மையான வேலை சஸ்பென்ஷனுக்குள் இருக்கும் ஆயிலுடையது. சக்கரம் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஆயில் சின்னத் துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தடையில் அடியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. கற்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பின் ஷாக் அப்சார்பரின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும். கடந்து வந்த கற்கள் அத்தனையும் அந்தச் சூட்டில் இருக்கின்றன.

ஓட்டுபவரும் இந்த எந்திரத்தின் ஒரு பகுதி. கரடுமுரடான இடத்தில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்டுவார்கள். நின்றால் ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிடும் என்று ஒரு விளக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு, எழுந்து நிற்பவரின் ஈர்ப்பு மையம் மேலேதான் போகும். நிற்பதால் கிடைக்கும் பயன் வேறு. முழங்காலும் இடுப்பும் மடங்கி நிமிர்வதால் பைக் கீழே தன் போக்கில் ஆட, உடம்பு மேலே நிதானமாக இருக்கிறது. பைக்குக்கு 60, 70 கிலோ மூட்டையைச் சுமந்தபடி துள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அதேபோல ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. உருளும் முன் சக்கரம் தானாகவே நேராக வரும் இயல்புடையது. இறுக்கிப் பிடித்த கை அந்த இயல்பைக் கெடுக்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் மணலில் விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம் பயத்தில் இறுகிய பிடிதான்.

மணலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், கடலோரப் பயணத்தின் கடினமே அதுதான். காய்ந்த மணலில் ஒவ்வொரு துகளும் தனித்தனி. சக்கரம் அழுத்தினால் பக்கவாட்டில் ஓடிவிடும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் கதை மாறுகிறது. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் நுண்ணிய நீர்ப்பாலங்கள் உருவாகி, நீரின் பரப்பு இழுவிசை அவற்றைக் கட்டிப் பிடிக்கிறது. குழந்தைகள் கடற்கரையில் மணல் வீடு கட்ட முடிவதும், அலை வடிந்த இடத்தில் பைக் ரோட்டில் போவதுபோலப் போவதும் இதனால்தான். நீர் இன்னும் கூடித் துகள்களின் இடைவெளி முழுதும் நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும்.

ஈர மணலில் காலை அழுத்திப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகும். பிரிட்டிஷ் அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் இதற்குக் காரணம் சொன்னார். நெருக்கமாக அமைந்த துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அதனால் மணலின் கன அளவு விரிகிறது. மேலே நின்ற நீர் அந்தப் புது இடைவெளிக்குள் இறங்குகிறது. வெளுத்த வட்டம் தெரிந்தால் மணல் கெட்டியாக இறுகியிருக்கிறது, பைக்கைத் தாங்கும். கால் வைத்ததும் நீர் மேலே பொங்கி, மணல் கூழாகக் குலுங்கினால் அங்கே சக்கரத்தை விடாதீர்கள். அடுக்கு குலைந்த மணல் அது. பாரம் முழுவதும் நீரின் மேல் ஏறி, பைக் அமிழும்.

காய்ந்த மணலுக்கு மருந்து, டயரில் காற்றைக் குறைப்பது. ரோட்டில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள் மணலில் 15 வரைகூட இறக்குவார்கள். டயர் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது; அதே எடை அதிக இடத்தில் பரவுகிறது. ஆனால் காற்றுக் குறைந்த டயர் கல்லில் வேகமாக மோதினால் சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரண்டு இடத்தில் கிழியும். மணல் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் இறங்கி மறுபடி காற்றடிக்கச் சோம்பல்படுகிறவர், அன்று பஞ்சர் ஒட்டித்தான் ஊர் சேர்வார். மணலில் வேகத்தையும் ஓர் அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் சாய்ந்து, முன் சக்கரம் மணலை உழும்.

மற்றவை பராமரிப்பு சார்ந்தவை. ஆயிலில் நனைத்த ஃபோம் ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே போகும் மணல் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். மாலையில் நல்ல தண்ணீரில் பைக்கைக் கழுவிச் செயினுக்கு ஆயில் விட வேண்டும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரியாகவே மாறி உலோகத்தை அரிக்கும்.

நண்பர்கள் ஏன் வேண்டும் என்றால், மணலில் புதைந்த 196 கிலோ ஹிமாலயனை ஒருவரால் தூக்க முடியாது. கூட்டமாகப் போவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவரின் ஹெட்லைட் கண்ணில் படும் வரை நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கருவிப் பையும் அனுபவமும் உள்ளவர் கடைசியில் வர வேண்டும். ஓதநேரம் பார்க்காமல் பாறைக்கும் கடலுக்கும் நடுவில் இறங்கக் கூடாது. பாஹாவின் வடக்கு வளைகுடாவில், சான் ஃபெலிப்பே பக்கம், நீர்மட்டம் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது.

இவ்வளவு திறமையான எந்திரம் கையில் இருக்கிறது என்பதற்காகக் கடற்கரை முழுவதும் நமக்கு உரியதாகிவிடாது. பாஹாவின் தென்கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. நம் சோழமண்டலக் கரையிலும் பங்குனி ஆமைகள் தை மாதம் தொடங்கிக் கரையேறுகின்றன. ஓதநீர் எட்டாத மேல்மணலில்தான் அவை முட்டையைப் புதைக்கும். சக்கரம் ஏறினால் மணல் இறுகும், முட்டை நசுங்கும். ஆழமான டயர்த் தடத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேராமலே வெயிலில் சாகும். அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைத்த மணல்மேடு ஒருமுறை குலைந்தால் காற்று அதை அரித்துக்கொண்டு போய்விடும். கரையோரமாக பைக்கில் போக ஆசைப்படும் நண்பர்களே, வண்டி போக அனுமதி உள்ள மண்பாதைகளிலேயே ஓட்டுங்கள். ஆமைகள் வரும் கரையில் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.