காலி இருக்கைகளும் தளரும் நம்பிக்கையும்

1717 முதல் 1720 வரை கும்பினியாரின் சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர் அருகே நெசவாளரைக் குடியமர்த்தினார். அவர் பெயரால் எழுந்த காலெட்பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. அந்த ஆளுநரைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ அந்நெசவாளருக்கு உரிமை இல்லை. நமக்கு உண்டு. அதை நாம் போற்றுகிறோமா?

2011இல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலோ 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடைபெற்றது. இடையில் ஐந்தாண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே நிர்வகித்தனர். குடிநீர் வராவிடினும், சாக்கடை வழிந்தாலும், சென்று முறையிட வட்டத்துக்கென ஓர் உறுப்பினர் இல்லை. இது முதன்முறையுமன்று, 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு 1996இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது.

2022இல் தமிழக நகரங்களில் நூற்றுக்கு அறுபது பேர் வாக்களித்தனர். சென்னையிலோ ஏறத்தாழ 43 பேரே. பெருநகரத்தார் வாக்களியாமைக்குக் காரணங்கள் பல. எனினும், நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்த மன்றத்தின்மீது பற்று எங்ஙனம் வளரும்? “தேர்தல் எதற்கு? கண்டிப்பான ஒருவர் ஆண்டால் போதும்” என்னும் பேச்சு இத்தகைய சலிப்பில்தான் பிறக்கிறது.

நம்பிக்கை கேள்வியால் வளர்வது; பதிலால் நிலைப்பது. 2022 நவம்பர் 1 அன்று நம் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அவை கூடும்போது குடும்பத்தோடு சென்று கேட்போம். கூடாவிடில், ஏன் கூடவில்லை என்று கேட்போம். கேளாதிருப்போமாயின், பேட்டை மட்டுமன்று, நாமும் காலெட் காலத்தவராவோம்.