கிராம இளைஞர்களும் சிவில் பொறியியல் கல்வியும்

சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கிராம வளர்ச்சியைப் பற்றிப் பேச இயலாது. இவை யாவும் சிவில் பொறியியல் என்னும் ஒரே துறையின் பயன்களாகும். ஆயினும், அத்துறையில் தம் பிள்ளைகள் நுழைவதற்குரிய வழிகள் எவை என்பதைக் கிராமப் பெற்றோரில் பலர் அறிந்திலர். அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சிறுபாலம் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நமது பொறுப்பிலிருந்த ஒன்றியத்தில், ஓடை ஒன்றின் குறுக்கே குழாய்ப் பாலம் அமைத்தோம். ஓடைக்கு எவ்வளவு பரப்பிலிருந்து மழைநீர் வந்து சேர்கிறது என்பதைக் கணக்கிட்ட பின்னரே குழாயின் விட்டத்தை முடிவு செய்திருத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாது, வேறோர் ஓடைக்குத் தயாரித்த மதிப்பீட்டையே பின்பற்றினோம். அவ்வாண்டு ஐப்பசி மழையில் வெள்ளம் சாலைக்கு மேலேறி, இருபுறத்து மண்ணையும் அரித்துச் சென்றது. அக்கரைப் பிள்ளைகள் ஆறு நாட்கள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. குறை நம்முடையதே.

மறுமுறை அளவெடுக்க வந்த பணி மேற்பார்வையாளர் அப்பகுதியிலேயே பிறந்து, பாலிடெக்னிக்கில் பயின்றவர். பழைய வெள்ளம் எட்டிய உயரத்தை ஓடைக்கரைப் புளியமரத்தில் அவர் முதல் நாளிலேயே காட்டினார். படித்த கணக்கும் ஊரறிவும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமையால் இரண்டாம் பாலம் நிலைத்தது. கிராமத்துப் பிள்ளைகள் இக்கல்வியைப் பெறவேண்டும் என நாம் விழைவதற்கு இதுவே காரணம்.

மூன்று வழிகள்

பத்தாம் வகுப்பில் தேறியவர்களுக்கு முதல் வழி, தொழிற்பயிற்சி நிலையமாகும். அங்கே சிவில் படவரைவாளர் பயிற்சி இரண்டு ஆண்டுகள் அளிக்கப்படுகிறது. ஒன்றியங்களில் சாலை ஆய்வாளர் பணிக்கு இதுவே தகுதி.

இரண்டாம் வழி, பாலிடெக்னிக்கின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. இதற்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தோரும், பன்னிரண்டாம் வகுப்பில் உரிய பாடங்களைப் படித்தோரும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பணி மேற்பார்வையாளர், இளநிலை வரைதொழில் அலுவலர் முதலிய பதவிகள் பட்டயம் பெற்றவர்க்கு உரியவை.

மூன்றாம் வழி, நான்காண்டுப் பட்டப் படிப்பாகும். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைகிறது. நுழைவுத் தேர்வு இல்லை. பட்டயம் பெற்றவர் இதன் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே, பத்தாம் வகுப்போடு தொழிற்பயிற்சிக்குச் சென்றவனும் படிப்படியாக ஏறிப் பொறியாளன் ஆதல் கூடும். இவ்வேணியைப் பற்றி அறியாமையால் படிப்பை இடையில் நிறுத்தியோர் பலர்.

உதவிகள்

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்களுக்கு, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

பெண்களுக்கு இத்துறை ஏற்றதன்று என்னும் எண்ணம் தவறானது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே பெண்கள் பயின்றனர். அவர்களுள் ஒருவரான பி. கே. திரேசியா சிவில் பொறியியல் கற்று, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

கற்றபின்

பட்டதாரிகள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வை எழுதி, பொதுப்பணி, நெடுஞ்சாலை, நீர்வளம், ஊரக வளர்ச்சி முதலிய துறைகளில் உதவிப் பொறியாளர் ஆகலாம். மேற்படிப்பை விரும்புவோர் கட்டமைப்பு, மண்ணியல், நீர்வளம், போக்குவரத்து, சுற்றுச்சூழல் ஆகிய பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து கொள்ளலாம். அரசுப் பணி எல்லோருக்கும் கிட்டாது என்பது உண்மையே. எனினும், நில அளவை, மதிப்பீடு தயாரித்தல், கட்டட மேற்பார்வை ஆகியவற்றில் தேர்ந்தவருக்குத் தனியார் துறையிலும் சொந்தத் தொழிலிலும் இடமுண்டு.

சான்றிதழ் மட்டும் போதாது. கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் சோதிப்பது ஏன் என ஏட்டில் படித்தவர், வார்த்த தளத்தைக் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் உலராமல் காக்குமாறு கொத்தனாரிடம் வற்புறுத்தவும் கற்றல் வேண்டும். விடுமுறை நாட்களில் தம் ஊரில் நடைபெறும் வேலைகளை மாணவர் சென்று பார்ப்பது பெரிதும் பயன் தரும்.

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் பெற்றோர் தலைமையாசிரியரைக் கண்டு இவ்வழிகளைப் பற்றி ஆராய்வாராக. ஊரின் ஓடையையும் மண்ணையும் அறிந்த பிள்ளைகள் பொறியாளர்களாகத் திரும்பி வருவார்களேயானால், மழைநாளில் பள்ளிக்குச் செல்லும் வழி அடைபடாது.