செஞ்சிக் கோட்டையின் தண்ணீர்க் கணக்கு

ஒரு கோட்டையின் வலிமை எதில் இருக்கிறது? மதிலில் என்பார் சிலர். பீரங்கியில் என்பார் சிலர். ஆனால் முற்றுகை நீடித்தால் கோட்டையைக் காப்பது தண்ணீரே.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதில்கள் இணைக்கின்றன. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை, இடையிடையே தளர்ந்தாலும், 1698-இல்தான் முடிந்தது. 2025-இல் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 15 லிட்டர் தண்ணீரை உச்சிக்குச் சுமப்பதாகக் கொள்வோம். மொத்த எடை 75 கிலோகிராம். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை 75 × 9.8 × 240, அதாவது சுமார் 1,76,000 ஜூல். இதில் தண்ணீருக்கானது ஐந்தில் ஒரு பங்கே. மற்ற நான்கு பங்கும் தம் உடலைத் தூக்கவே செலவாகிறது!

ஆகவே, மேலே பெய்யும் மழையை மேலேயே பிடித்து வைப்பதுதான் சிக்கனம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். 500 சதுர மீட்டர் பாறையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர். கருங்கல் நீரை உறிஞ்சுவதில்லை. சிறிது ஆவியாவது போக மற்றது வழிந்தோடும். அந்த நீரைக் குன்றின் மேல் சுனைகளும், அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் போன்றவையும் தேக்கின.

கீழ்க்கோட்டையிலுள்ள கல்யாண மகாலின் மாடிகளுக்குச் சுடுமண் குழாய்களில் நீர் சென்றது. எந்திரமின்றி எப்படி? நீர் தன் மட்டத்தை நாடும். நீர்நிலை மாடியைவிட உயரத்தில் இருந்தால், குழாய் கீழே இறங்கினாலும் நீர் மறுபடி மேலேறும். ஒவ்வொரு 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். அதைத் தாங்கும்படி குழாய் இணைப்புகள் கசிவின்றி இருக்க வேண்டும். கொத்தனாரின் திறமை அங்கேதான்.

நான் வசிப்பது ஈக்காட்டுத்தாங்கலில். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் இப்பகுதியைச் சூழ்ந்தது. 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. மழையைத் தேக்கும் இடமும் குறைந்துவிட்டது. செஞ்சிக்குச் செல்லும் மாணவர்கள் மதிலைப் பார்த்து வியப்பதோடு, குளங்களின் கரையிலும் சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.