இருபது மாதம் பொறுத்த கால்!

"விளையாடினது போதும் டாக்டர்! நாளைக்கு கால் போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்களே இவகிட்ட சொல்லுங்க."

மகளின் வீங்கிய முழங்காலைக் காட்டி, தைலம் கேட்டு வரும் தாய்மார்கள் பலர் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு நான் ஒரு நார்வே நாட்டுப் பெண்ணின் கதையைச் சொல்வேன். நீங்களும் கேளுங்களேன்.

ஆடா ஹெகர்பெர்க். 1995-ல் பிறந்தவர். அப்பா, அம்மா, அக்கா எல்லோருமே கால்பந்துக்காரர்கள். இவர் வேலை கோல் போடுவது! 17 வயதிலேயே சொந்த நாட்டை விட்டு ஜெர்மனியின் போட்ஸ்டாம் அணிக்குப் போனார். 2014-ல் பிரான்சின் லியோன் அணியில் சேர்ந்தார். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் 'பலோன் டோர்' விருதை 2018-ல் முதன்முதலாகப் பெண்களுக்கும் கொடுத்தபோது, அதை வாங்கியவர் இவர்தான். 2019 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், முதல் அரை மணிக்குள் மூன்று கோல்!

அதன் பிறகுதான் சோதனை. 2020 ஜனவரி, பயிற்சியின்போது வலது முழங்காலில் 'ஏ.சி.எல்.' கிழிந்தது. நாம் 'ஜவ்வு' என்கிறோமே, அதில் ஒன்று. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் இடம் விலகாமல் மூட்டுக்குள் குறுக்கே பிடித்து நிற்கும் கயிறு மாதிரி. ஆபரேஷன் நடந்தது. தேறி வரும்போதே இடது கீழ்க்கால் எலும்பில் விரிசல்! அவசரப்பட்டாரா? இல்லை. சுமார் 20 மாதம் கழித்து, 2021 அக்டோபரில்தான் மறுபடி மைதானத்தில் இறங்கினார். 2022 மே மாதம் டூரின் நகரில் பார்சிலோனாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் தலையால் முட்டி ஒரு கோல். கோப்பை லியோனுக்கு!

பெண்களுக்கு ஏன் அதிகம்?

ஒரே விளையாட்டை ஆடினாலும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழிவது இரண்டு மடங்குக்கும் மேல். இடுப்பு அகலம் ஒரு காரணம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்குவது இன்னொன்று. பின்தொடைத் தசையில் வலு குறைவதும் சேர்ந்துகொள்ளும். இடுப்பை மாற்ற முடியாது. இறங்கும் விதத்தையும் தசை வலுவையும் மாற்றலாமே! உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா இதற்காகவே 20 நிமிடப் பயிற்சி ஒன்றை வகுத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்தால் காயங்கள் வெகுவாகக் குறைகின்றன.

அடிபட்டால்...

'டப்' என்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடந்தால் முழங்கால் நழுவுகிற உணர்வு. இவை இருந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள்! துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலைச் சற்று உயர்த்தி வைத்து, எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முழுதாக அறுந்த ஜவ்வை எந்தத் தைலமும் ஒட்ட வைக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சிதான் பாதி வைத்தியம். வலி போய்விட்டதே என்று மூன்றாம் மாதமே ஓடவிட்டால் மறுபடி கிழியும். போட்டிக்குத் திரும்ப 9 மாதமாவது பொறுக்க வேண்டும்.

எலும்புக்குத் தீனி வேண்டாமா? கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பால், முட்டை தாராளமாகக் கொடுங்கள். விளையாடும் பெண் 'ஒல்லியா இருக்கணும்' என்று பட்டினி கிடந்து, மாதவிலக்கும் நின்றுபோனால் எலும்பு பலவீனமாகிறது என்று அர்த்தம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

'போதும்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். 24 வயதில் காயம்பட்ட ஆடாவிடம் வீட்டார் அப்படிச் சொல்லியிருந்தால்? உங்கள் மகளிடம், 'பொறு, குணமானதும் ஆடலாம்' என்று சொல்லிப் பாருங்கள். பாதி வலி அப்போதே போய்விடும்!