பள்ளிவாசல் வைஃபை: கோளாறு பெக்கேஜில்தானா?

பள்ளிவாசல் மண்டபத்தில் சாதாரண தர மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஊர்களில் ஒரு முறைப்பாடு அடிக்கடி கேட்கும். அதுவும் வெள்ளிக்கிழமைகளில்தான். "சிக்னல் முழுசா இரிக்கி சேர், இன்டர்நெட் வருதில்ல." உடனே நிர்வாக சபை ஜமாஅத்தாரின் சந்தாப் பணத்தில் கூடிய விலைப் பெக்கேஜுக்கு மாறும். அடுத்த வெள்ளியும் அதே கதை.

வைஃபையில் இணைந்த மாத்திரத்தில் கைபேசி இணையத்துக்குள் போய்விடுவதில்லை. அதற்கு ஒரு ஐபி முகவரி வேண்டும். அதை வழங்கும் முறைக்குப் பெயர் டிஎச்சிபி; 1993இல் வரையறுக்கப்பட்டது. "முகவரி தருபவர் யாரும் உண்டா?" எனக் கைபேசி பொதுவாகக் கேட்கும். ரவுட்டர் ஒரு முகவரியைக் காட்டும். "அதையே தாருங்கள்" என்று கேட்டதும், "சரி, இத்தனை மணிநேரத்துக்கு உங்களுக்கு" என்று பதில் வரும். இணையத்துக்கான வாசல் எது என்ற விபரமும் அதோடு சேர்ந்தே வரும்.

கவனிக்க வேண்டியது அந்த "இத்தனை மணிநேரம்" என்பதைத்தான். முகவரி வாடகைக்கே தரப்படுகிறது. பல ரவுட்டர்களில் இருப்பது 100 முகவரிகள், வாடகைக் காலம் 24 மணிநேரம். ஜும்ஆவுக்கு வருபவர்களில் முன்பு கடவுச்சொல் பதிந்தவர்களின் கைபேசிகள் சட்டைப் பைக்குள் இருந்தபடியே இணைந்துவிடும். தொழுது முடித்து வீடு போனாலும் அநேகமான கைபேசிகள் அந்த முகவரியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சனிக்கிழமை நண்பகல் வரை ரவுட்டர் அதை அவர்களுக்கே வைத்திருக்கும். மாலையில் வரும் பிள்ளைக்கு முகவரி மிச்சமில்லை. பெக்கேஜ் எவ்வளவு பெரிதானாலும் இந்த எண்ணிக்கை கூடாது.

மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கேட்ட கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை, அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போட்டால் சிலவேளை சரியாவதும் வாடகைப் பட்டியல் அழிந்துபோவதால்தான்.

ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் 'லீஸ் டைம்' என்பதை ஒரு மணிநேரமாக்குங்கள். ரவுட்டரின் முகவரி 1இல் முடிந்தால், மற்றவர்களுக்கு 2 முதல் 254 வரை திறந்துவிடுங்கள்; 253 முகவரிகள் கிடைக்கும். வகுப்பு நடுவில் அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வாடகைக் காலம் பாதி கழிந்ததுமே கைபேசி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். உள்நுழையும் கடவுச்சொல் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். செலவு ஒரு சதமும் இல்லை.

முகவரி கிடைத்தும் வேகம் போதவில்லையென்றால், அப்போது பெக்கேஜைப் பற்றி நிர்வாக சபை பேசட்டும்.