பழைய ஜீப்பின் மங்கல் வெளிச்சம்: குறை மின்குமிழில் அல்ல, வயரில்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் இரவில் வாகனம் ஓட்டியவர்களுக்கு அந்த இருட்டுத் தெரியும். தெருவிளக்கில்லாத நீண்ட பகுதிகள், இரு மருங்கும் காடு. பகல் வெயிலில் சூடேறிய தாரின் மேல் மாடுகள் படுத்திருக்கும். சில இடங்களில் யானை நிற்கும். வேலை முடிந்து, பின்விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களும் அதே வீதியில்தான் வருவார்கள்.

கடந்த மாரியில் ஓர் இரவு, என் மாமா தனது பழைய லாண்ட் றோவரில் இந்த வழியால் வந்தபோது, எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவரைக் கடைசி நேரத்தில்தான் கண்டார். வெட்டி நிறுத்தியதால் இருவரும் தப்பினார்கள். விழுந்த சைக்கிளை நிமிர்த்திய மனிதர் கேட்டது இதுதான்: "என்ன அண்ணை, லைற் இல்லாமலே ஓடுறியள்?"

லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாமா 2009இல் தனது உழவு இயந்திரத்தை மாத்தளனில் விட்டுவிட்டு வந்தவர். மீள்குடியேறிய பிறகு, கையில் இருந்த காசுக்கு வாங்கியதுதான் 1970களில் தயாரான இந்த சீரிஸ் 3 லாண்ட் றோவர். நெல் மூட்டை, பசளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் அயலவர் என எல்லாம் அதில்தான் போகும். வெளிச்சம் போதாது என்று அவர் மூன்று முறை மின்குமிழை மாற்றியிருந்தார். கடைசி முறை, கடையில் சொன்னதைக் கேட்டு 100/90 வாற் குமிழைப் போட்டார். இரண்டு கிழமையில் லைற் சுவிச் உருகி, புகை வந்தது. பிறகு பழைய 60/55 வாற் குமிழுக்கே திரும்பினார்.

வன்னியில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள், லாண்ட் குரூசர்கள் பலவற்றுக்கு இதே வருத்தம்தான். காரணத்தை விளங்கிக்கொண்டால் அரை நாள் வேலையில் தீர்த்துவிடலாம்.

மீற்றர் சொன்ன கதை

மங்கல் வெளிச்சத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது என்று அறிய ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைற்றைப் போட்டு, பற்றரியின் இரு முனைகளிலும் அளந்தோம்: 13.8 வோல்ற். அடுத்து மின்குமிழின் இரு முனைகளிலும் அளந்தோம்: 11.4 வோல்ற். இடையில் 2.4 வோல்ற் காணாமல் போயிருந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். குமிழ் பொருத்தியபடி, எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். குமிழைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இருக்காது, இழப்பும் தெரியாது. மீற்றர் முழு வோல்ற்றையும் காட்டும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

2.4 வோல்ற் பெரிய விடயமா? ஆம். இழைக் குமிழின் வெளிச்சம் வோல்ற்றோடு சமமாகக் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும். வோல்ற் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் குறையும். மாமாவின் வாகனத்தில் வோல்ற் 17 வீதம் குறைந்திருந்தது. அப்படியென்றால் வெளிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதியைக் காணவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் ஓடிவிடும். பாதி வெளிச்சத்தில் காணும்போது, நிறுத்துவதற்கு இடம் இருக்காது.

மின்சாரம் சுற்றிப் போகும் பாதை

பழைய வாகனங்களில் ஹெட்லைற்றுக்கான முழு மின்னோட்டமும் பற்றரியிலிருந்து நேரே விளக்குக்குப் போவதில்லை. பற்றரியிலிருந்து டாஷ்போர்ட் பக்கம் வந்து, லைற் சுவிச்சுக்குள் நுழைந்து, டிம் சுவிச்சுக்குப் போய், மீண்டும் முன்பக்கம் திரும்பி, பல இணைப்புகளைக் கடந்துதான் குமிழை அடைகிறது. வயரும் மெல்லியது.

இரண்டு 55 வாற் குமிழ்கள் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வயரில் 5 மீற்றர் தூரம் அந்த 9 அம்பியர் போனால், வயரிலேயே முக்கால் வோல்ற் வரை போய்விடும். மிச்சத்தைத் தேய்ந்த சுவிச்சும் துருப்பிடித்த இணைப்புகளும் தின்னும்.

100/90 வாற் குமிழ் ஏன் சுவிச்சை உருக்கியது என்பதும் இதில் விளங்கும். தேய்ந்த சுவிச்சின் தொடுமுனையில் ஓமின் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால், 9 அம்பியரில் அங்கே சுமார் 8 வாற் வெப்பம் உண்டாகும். டிம்மில் 90 வாற் குமிழ்கள் இரண்டு 15 அம்பியர் இழுக்கும். அப்போது அதே இடத்தில் 22 வாற்றுக்கு மேல் வெப்பம். சிறிய பிளாஸ்ரிக் சுவிச் அதைத் தாங்காது.

போதாக்குறைக்கு, பழைய லாண்ட் றோவர் பலவற்றில் ஹெட்லைற் வயருக்கு பியூஸே இல்லை. வயர் எங்காவது உரசி சசியில் தொட்டால், எரிவது வயர்தான்.

தீர்வு: இரண்டு றிலே

குளத்தின் துருசைத் திறப்பவர் தண்ணீரைத் தோளில் சுமப்பதில்லை. அவர் துருசைத் திருப்புகிறார், தண்ணீர் தன் வாய்க்காலில் போகிறது. றிலேயும் அப்படித்தான். பழைய சுவிச் இனி றிலேக்குள் இருக்கும் சிறு காந்தச் சுருளை மட்டும் இயக்கும். அதற்கு ஓர் அம்பியரின் ஐந்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. பெரிய மின்னோட்டம் பற்றரியிலிருந்து தடித்த, குறுகிய வயரில் நேரே விளக்குக்குப் போகும்.

தேவையானவை: நாலு கால் றிலே இரண்டு (டிம்முக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று), மூடியுள்ள பியூஸ் தாங்கி இரண்டு, 15 அம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றர் வாகன வயர், நல்ல முனைகள்.

றிலேயின் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இணைக்கும் முறை இதுதான்:

30: பற்றரியின் பொசிற்றிவிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர்.

87: விளக்குக்குப் போகும் வயர்.

86: முன்பு விளக்குக்குப் போன பழைய வயர். பிரித்தானிய வாகனங்களில் டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, ஹை பீமுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு.

85: எர்த்.

பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால் அந்தத் துண்டு குறுகியதாக இருப்பது நல்லது. டிம்முக்கும் ஹை பீமுக்கும் தனித்தனிப் பியூஸ் போட்டால், நடு வீதியில் ஒன்று போனாலும் மற்றதில் வீடு வந்து சேரலாம். வேலை தொடங்கும் முன் பற்றரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

பியூஸ் போனால் அதில் வயர்த் துண்டையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்ற வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மக்கள் நாங்கள். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்தக் கைத்திறன் எங்களைக் காப்பாற்றியது. மாமாவின் வயரிங்கைப் பிரித்தபோதும் வீட்டுக்குப் போடும் வயர், முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டுகள் என அந்தக் கைகளின் வேலையைத்தான் கண்டோம். ஆனால் இன்று பியூஸ் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது.

எர்த்தை மறக்க வேண்டாம்

காணாமல் போன 2.4 வோல்ற்றில் 0.7 வோல்ற் எர்த் பக்கத்தில் போயிருந்தது. இது லாண்ட் றோவருக்கே உரிய வருத்தம். அதன் மட்கார்ட் அலுமினியக் கலவை, போல்ற் இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும், மின்சாரம் தடைப்படும். கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனத்தில் இது இன்னும் விரைவாக வரும். மட்கார்ட்டை நம்பாமல், இரு விளக்குகளிலிருந்தும் 2.5 வயரை இழுத்து, சசியில் சுரண்டித் துப்பரவாக்கிய இடத்தில் இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள்.

எல்லா வாகனமும் ஒன்றல்ல

ஜப்பானிய டீசல் ஜீப்புகள் சில 24 வோல்ற். அவற்றுக்கு றிலே, குமிழ் இரண்டும் 24 வோல்ற்றாகவே வேண்டும். பல ஜப்பானிய வாகனங்களில் சுவிச் எர்த் பக்கத்தை இணைக்கிறது. அங்கே மேலே சொன்ன இணைப்பு அப்படியே பொருந்தாது, முதலில் மீற்றரால் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய லாண்ட் றோவர்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனையே எர்த்தாக இருக்கும். சந்தேகம் இருந்தால் வாகன வயரிங் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

டைனமோ உள்ள மிகப் பழைய வாகனங்களில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிச்சம் குறையும். அதை றிலேயால் மாற்ற முடியாது.

"எல்ஈடி போட்டால் இந்த வேலையே வேண்டாமே" என்று கேட்பவர்கள் உண்டு. எல்ஈடி குறைந்த மின்சாரம் எடுப்பது உண்மை. ஆனால் இழைக் குமிழுக்காகச் செய்த கண்ணாடிக்குள் எல்ஈடி குமிழைச் செருகினால், பல வேளைகளில் வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும். சைக்கிளில் வருபவருக்கு அந்தக் கூச்சத்தில் வீதி ஓரமே தெரியாது.

அதனால் கடைசி வேலை, விளக்கின் பார்வையைச் சரிசெய்வது. சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வாகனத்தை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு மூன்று அங்குலம் கீழே விழ வேண்டும். அது இடப்பக்கம், அதாவது எங்கள் வீதி ஓரத்துப் பக்கம், சற்று உயரலாம். வலப்பக்கம் உயர்ந்தால், அந்தக் கண்ணாடி வலப்பக்கம் வாகனம் ஓடும் நாட்டுக்குச் செய்தது. அதை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் மீண்டும் அளந்தோம். அதே 60/55 வாற் குமிழில் 13.3 வோல்ற். சுவிச்சைத் தொட்டுப் பார்த்தோம், சூடே இல்லை. ஒரு மாதம் ஓடிய பிறகு முனைகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அன்றிரவே ஒட்டுசுட்டான் பக்கம் ஓடிப் பார்த்தோம். வளைவு தாண்டியதும் வீதியில் நாலைந்து மாடுகள் படுத்திருந்தன. தூரத்திலேயே கண்டு, ஆறுதலாக நிறுத்தினார் மாமா. ஹோர்ன் அடித்தும் அவை எழும்பவில்லை. இறங்கிப் போய்த்தான் கலைத்தோம்.